அட்டை தொடாத கால்

அட்டையைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அடுக்கிய ஒற்றை அறைகளில் ஒன்றில் பிறந்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மழை பிடித்துவிட்டால் புல்நுனிக்குப் புல்நுனி எழுந்து நின்று, ஆள் வருகிற பக்கம் தலையை ஆட்டும் அந்த ரத்தம் குடிக்கிற பிராணிக்குப் பயந்துதான் நான் விழுந்து விழுந்து படித்தேன். புல் இல்லாத இடத்தில் ஒரு வேலை கிடைக்க வேண்டும். வேறு லட்சியம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

கிடைத்தது. பதுளை டவுனில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம். தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ். நாள் முழுக்க ஊசி குத்துவேன், குழாய்களில் பேர் ஒட்டுவேன், மெஷினில் வைத்துச் சுழற்றுவேன். ரத்தத்தைக் கண்டு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ரத்தம் சுத்தமான பொருள். அதைச் சுற்றி மனிதர்கள் நடந்துகொள்கிற விதம்தான் எனக்குக் குமட்டும். எவ்வளவு குமட்டும் என்பதைப் போன ஐப்பசியில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் கிரிஷாந்தன் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் படித்து, வெளிநாட்டில் மேலே படித்துத் திரும்பியவர். தோட்டத்துப் பெண்களின் ரத்தக்குழாய்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரத்தம் எடுக்கவும் தோட்டத்து ஆட்களோடு பேசவும் ஒருத்தி வேண்டும் என்று எங்கள் கூடத்துக்கு வந்தபோது, முதலாளி என்னைக் கை காட்டினார்.

அவர் எனக்குப் பாடம் நடத்தியது நினைவிருக்கிறது. நன்றாகத்தான் நடத்தினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே அடுக்காக மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது அது ஒரு வாயுவை உண்டாக்கி, குழாயைச் சுற்றியுள்ள தசையிடம் ‘இளகிக்கொடு, ரத்தம் போகட்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். புகையிலையோ சீனியோ அந்தத் தோலை விடாமல் புண்ணாக்கினால் அந்தப் பேச்சு நின்றுபோகும். பதிலுக்கு அது பசை போன்ற வேறு மூலக்கூறுகளை வெளியே நீட்டும். போகிற வருகிற வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி உள்ளே நுழைய, குழாய் தடித்து, ஒருநாள் அடைத்துக்கொள்ளும். அந்த மூலக்கூறுகளில் கொஞ்சம் கழன்று ரத்தத்தில் மிதக்கும். லயத்தில் முதல் காம்பராவில் சண்டை என்றால் கடைசிக் காம்பராவுக்குச் சேதி போய்விடுகிற மாதிரி, காலில் நடக்கிற நாசத்தின் சேதி கையில் எடுக்கிற ரத்தத்தில் இருக்கும்.

“வலி வர்றதுக்கு முந்தியே ரத்தம் சொல்லிரும், நிஷாந்தினி. நாம காது குடுத்துக் கேக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அதை நம்பித்தான் என் சொந்தத் தோட்டத்துக்கே அவரை அழைத்துப் போனேன்.

காலையில் வேன் போய் நின்றது பிள்ளைக் காம்பராவின் வாசலில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எங்களுக்காகக் குழந்தைகளைக் கோயில் மண்டபத்துக்குத் துரத்தியிருந்தார்கள். துரத்திய அவசரத்தில் யாரும் தரையைத் துடைக்கவில்லை. பால் மாவு காய்ந்த நாற்றத்துக்கு நடுவில் மேசை போட்டோம். டாக்டரும் அவரோடு வந்த இரண்டு மாணவர்களும் முழங்கால் வரை வெள்ளைத் துணிக் காலுறை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அட்டை நுழையாதாம். எனக்கும் ஒரு சோடி கொடுத்தார்கள், நான் மனசாரக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வெறுங்காலோடு வரிசையில் நின்ற பெண்கள் எங்கள் கால்களைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. எல்லோரும் வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தார்கள், வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையுமாக. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“புகையிலை போட்டா குழாயெல்லாம் சுருங்கிரும். அளவு பூரா கெட்டுப்போகும். சாப்பிடக் கூடாதுன்னு சொன்னோமா இல்லியா?”

“நாங்க எங்கங்க சாப்பிட்டோம்?” என்றாள் முன்னால் நின்ற விஜயலெட்சுமியக்கா, நிஜமான ஆச்சரியத்தோடு. “பச்சத் தண்ணி பல்லுல படலீங்க. வெத்தல சாப்பாடாங்க? குளுருக்குப் போடுறதுங்க.”

துப்பிவிட்டுக் காத்திருங்கள் என்று உத்தரவு ஆனது. அத்தனை பேரும் வாசலில் ஓடும் சாக்கடைக் கானில் துப்பினார்கள். கான் சிவந்து, முந்தின நாள் சோற்றுப் பருக்கையோடு அசைந்து போனது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

காத்திருக்கிற நேரத்தில்தான் அதைப் பார்த்தேன்.

மலைக்கு ஏறுமுன் கொழுந்து பறிக்கிற பெண்கள் கால்களில் ஒரு கலவை பூசுவார்கள். சவர்க்காரம், சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்தது. அட்டைக்கு அது ஆகாது. சின்ன வயதில் நானும் பூசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பெண்கள் அதைத் தங்கள் கால்களில் நேராகப் பூசவில்லை. ஒருத்தி கல்லில் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கலவையை முதலில் அந்தக் கால்மேல் தடவி, பிறகு அங்கிருந்து வழித்தெடுத்துத் தங்கள் காலில் பூசினார்கள். ஒரு கிழவி கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் கல்யாணப் பெண்ணின் களை.

அது என் சின்னம்மா பரிமளம். என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவி, ரொட்டி சுட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். வாழ்நாளில் ஒருவர்கூட அவளை மதித்து நான் கண்டதில்லை. புருஷன் விட்டுப் போனவள், பிள்ளை இல்லாதவள், நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே என்று ஒதுக்கப்பட்டவள்.

“என்னா சின்னம்மா இது கூத்து?”

“கூத்தா? வாயக் கழுவுடி” என்றாள் விஜயலெட்சுமியக்கா. “ஆடித் திருவிழாவுல அக்கா தீ மிதிச்சாங்கல்ல? வலது காலு பூவுல நடந்த மாதிரி இருந்துச்சாம். சூடே தெரியலியாம். மழ தொடங்கினதுல இருந்து அந்தக் கால்ல ஒரு அட்ட கூட ஏறல. இங்க பாரு, இடது கால்ல எத்தன கடி. வலது காலு வெளக்கி வச்ச குத்துவெளக்கு மாதிரி இருக்கு. மாரியம்மா ஏறி நின்ன காலு அது.”

சின்னம்மா சிரித்தாள். “நா ஒண்ணும் கேக்கல நிசா. அவளுகளா வந்து தொடுறாளுக.”

கேட்கவில்லைதான். ஆனால் காலை நன்றாக நீட்டிக்கொடுத்தாள்.

எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. சாமி யாரிடமும் போய் என் பேரைச் சொல் என்று கேட்கவில்லை. ஒரு கிண்ணத்துக் கலவையை ஒரு மனுஷியின் காலில் தடவி வழித்து, மறுபடி கண்ணில் ஒற்றுகிற புத்திதான் எனக்கு அருவருப்பு. இதற்குத்தானா இந்தப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்?

சின்னம்மாவின் முறை வந்தது. கையில் ரப்பர் கட்டுப் போட்டு நரம்பு தேடும்போதே ஒரு வாடை வந்தது. பால் மாவு வாடை இல்லை. கானின் வாடையும் இல்லை. செத்த எலி கூரைக்குள் கிடந்தால் வருமே, அது. ரத்தத்தை எடுத்துக் குழாயை மூடிவிட்டுக் குனிந்தேன். வலது கால் பெருவிரலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

“இது என்னா?”

“தீ மிதிச்சப்ப கொஞ்சம் கொப்பளிச்சுச்சு. ஆற மாட்டேங்குது. மஞ்சளும் பொகயிலயும் வச்சுக் கட்டியிருக்கேன். வலியெல்லாம் இல்ல, மரத்துப் போயிருக்கு. ராவையில மட்டும் கெண்டக்கால் இழுக்கும். அடுப்புக்கிட்ட காட்டினா சரியாப் போயிரும்.”

துணியைப் பிரித்தேன். விரல் கரியாக இருந்தது. அடுத்த விரலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் பச்சையும் மஞ்சளுமாய் நீர் கசிந்தது. பாதத்தின் மேலே துடிப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. கணுக்காலுக்குப் பின்னால் தேடினேன், அங்கேயும் இல்லை. கால், மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது.

அப்போதுதான் அந்த அட்டை வந்தது. வாசல் புல்லிலிருந்து யாரோ காலோடு கொண்டுவந்திருக்க வேண்டும். ஈரச் சிமெந்துத் தரையில் வளைந்து வளைந்து வந்து, சின்னம்மாவின் வலது குதிகாலில் ஏறியது. பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு தலையைத் தூக்கி அங்கும் இங்கும் ஆட்டியது. ஓர் அடி முன்னால் வைத்து மறுபடி தேடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் வாழ்க்கையில் ஓர் அட்டையை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பாதம் முழுக்க நடந்து பார்த்தும் அதற்குத் தோதான இடம் கிடைக்கவில்லை. இறங்கித் தரையைத் தாண்டி இடது காலுக்குப் போனது. ஏறியவுடன் வாயை வைத்துக் குந்திவிட்டது.

“பாத்தியா? பாத்தியா?” என்று சின்னம்மா குதூகலமாகக் கத்தினாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மெதுவாகச் சொல்லியிருக்கலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த மாதிரிப் பொறுமையெல்லாம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

“அம்மனும் இல்ல ஆத்தாளும் இல்ல. சின்னம்மா, ஒங்க காலு செத்துப் போச்சு. அதுல ரத்தம் ஓடல. சூடு இல்ல. அதான் நெருப்பு தெரியல. அதான் அட்ட கடிக்கல. அட்டைக்குப் பொணம் வேணாம்.”

விஜயலெட்சுமியக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் கையைத் துடைத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் துடைத்தாள். ஒருத்தி கானுக்கு ஓடிக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண்ணில் ஒற்றிய கிழவி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தபடி, “சீ, காலங்காத்தால” என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தக் காலுக்கு வரிசை கட்டியவர்கள், இப்போது சின்னம்மாவைச் சுற்றி ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். பூசினதும் அருவருப்பு, துடைத்ததும் அருவருப்பு. துடைத்ததுதான் கூட என்று இன்றைக்கும் சொல்வேன்.

சின்னம்மா காலை மெல்ல உள்ளே இழுத்து, பாவாடையால் மூடிக்கொண்டாள். “ஏன்டி இப்பிடிச் சொல்ற?” என்றாள்.

நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

“அருமையான கேஸ்” என்றார். “இவங்ககிட்ட இன்னும் ரெண்டு குழாய் ரத்தம் எடுங்க. மூலக்கூறு அளவு உச்சத்துல இருக்கும்.” பிறகு விரலுக்குப் பக்கத்தில் அளவு தெரிய ஓர் அடிமட்டத்தை வைக்கச் சொல்லி, ஃபோனில் படம் எடுத்தார். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வெளிச்சம் போதவில்லை என்று வாசல் பக்கம் நகர்த்தி இன்னும் ஒன்று.

“டாக்டர், இவங்கள இப்பவே பதுளைக்குக் கொண்டு போகணும்.”

“கட்டாயம். தாமதிக்கவே கூடாது. பஸ்ல வரச் சொல்லுங்க.”

“வேன் அங்கதானே போகுது?”

“வேன்ல சாம்பிள் போகுது நிஷாந்தினி. ஐஸ் கரையிறதுக்குள்ள கொழும்பு வண்டியில ஏத்தணும். சீட்டும் இல்ல.”

சீட் இல்லைதான். ரத்தப் பெட்டி ஒரு சீட்டில் இருந்தது. அதற்கு பெல்ட் போட்டிருந்தார்கள். ரோட்டுக் குழியில் குலுங்கக் கூடாது என்று கீழே தலையணை வேறு. ரத்தத்துக்கு ஐஸ், மெத்தை, பெல்ட். ரத்தத்துக்குச் சொந்தக்காரிக்கு மதியம் வரைக்கும் வராத பஸ். இந்த நியாயத்தை எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

“என் சீட்டுல அவங்க வரட்டும். நான் கீழ குந்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் சின்னம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் வரமாட்டேன் என்றாள். வெட்டிவிடுவார்கள் என்றாள். அட்டையே தொடாத காலுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பெண்களைப் பார்த்தாள், யாராவது ஆமாம் என்று சொல்வார்கள் என்று. அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வேன் ஏறும்போது டாக்டர் மாணவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. “அட்டையத் தூக்கி மெத்தையில வச்சாலும் அது குட்டையத்தான் தேடும்.” மாணவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருமினார்கள். அந்த அட்டை நான்தான். எனக்கு அது புரிந்தது என்று அவருக்கும் தெரிந்தது.

வேனுக்குள் வாடை ஏறியது. டிரைவர் முஸ்தாக் கண்ணாடியை இறக்கினார். டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த விரலைப் பக்கவாட்டில் அருமையாகப் படம் எடுத்தவருக்கு அதன் வாடை தாங்கவில்லை. சின்னம்மா சால்வையைக் கழற்றிக் காலைச் சுற்றி, இறுக்கி, இன்னும் இறுக்கிக்கொண்டே வந்தாள். “மன்னிச்சுக்குங்க” என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். பாதி வழியில், பசறை டவுனுக்குள் வேன் நுழைந்ததும் டாக்டர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

“இங்க எறங்கிக்கலாம். இங்க இருந்து பதுளைக்கு நெறய பஸ் இருக்கு. ஆஸ்பத்திரிப் பக்கம் சுத்திப் போனா லேட்டாகிரும்.”

முஸ்தாக் வண்டியை நிறுத்தினார், ஆனால் இறங்கிவந்து சின்னம்மாவைத் தூக்கி இறக்கியது அவர்தான். “எனக்கு வேலை போயிரும் தங்கச்சி” என்றார். நான் அந்த வெள்ளைக் காலுறைகளைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் எறிந்தேன். இனி நானும் வரமாட்டேன் என்பது டாக்டருக்குப் புரிந்திருக்கும். வேன் போய்விட்டது. ரத்தம் போய்விட்டது, உடம்பு பஸ் ஸ்டாண்டில் நின்றது.

பஸ்ஸில் எங்களுக்கு உடனே சீட் கிடைத்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி எல்லாரும் எழுந்துகொண்டார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தவர் டாக்டர் ஷஹீலா என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். மூக்கைப் பொத்தவில்லை. வெறுங்கையால் பாதத்தைத் தொட்டு, சூடு எங்கே முடிகிறது என்று தடவித் தடவிப் பார்த்து, பிறகு ஸ்கேனுக்கு அனுப்பினார். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் அடைத்துக் கிடந்தன. சின்னம்மாவுக்குச் சீனி வியாதி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அட்டை விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“எங்க வேலையிலயும் சில நேரம் அட்டை விடுறது உண்டு. ரத்தம் உள்ள போகாத இடத்துல அது வாய் வைக்காது. அது கடிக்காம விட்ட அன்னைக்கே நீங்க வந்திருக்கணும்” என்றார் சின்னம்மாவிடம்.

வேனில் நேராக வந்திருந்தாலும் அந்தக் கால் பிழைத்திருக்காதாம். அதையும் அவரே சொன்னார். அதனால் பசறையில் இறக்கிவிட்டதால்தான் கால் போனது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கால் போகாமல் இருந்திருந்தாலும் அந்தச் செயல் இதே நாற்றம்தான் நாறியிருக்கும்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். “இடது காலிலும் குழாய் கொஞ்சம் குறுகியிருக்கு. ஆனா ஓட்டம் இருக்கு” என்றார் டாக்டர் ஷஹீலா. “புகையிலைய விடணும், சீனியக் கட்டுப்படுத்தணும். விட்டா அந்தக் காலக் காப்பாத்தலாம். விடலைன்னா அதுவும் இதே வழிதான்.”

தை பிறந்து, சின்னம்மா லயத்துக்குத் திரும்பிய பிறகு, டாக்டர் கிரிஷாந்தனிடமிருந்து ஃபோனில் ஒரு குரல் பதிவு வந்தது. சந்தோஷமான குரல். முடிவுகள் வந்துவிட்டனவாம். எடுத்த எல்லாப் பெண்களிலும் என் சின்னம்மாவின் அளவுகள்தான் உச்சமாம். “ரொம்ப அழகான வேல்யூஸ், நிஷாந்தினி. நாம சொன்ன மாதிரியே ரத்தம் பேசியிருக்கு. அந்தக் கால் இப்ப எப்படி இருக்குன்னு ஒரு படம் அனுப்ப முடியுமா? பழைய படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டா நல்லா இருக்கும்.”

அழித்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஃபோனைத் தொட்ட கையைத்தான்.

அந்த வாரம் மடுல்சீமைக்குப் போனேன். இரவெல்லாம் பெய்து காலையில் விட்டிருந்தது. சின்னம்மா வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, இடது காலை முழங்கால் வரை புல்லுக்குள் நீட்டி வைத்திருந்தாள். வலது பக்கம் பாவாடை தட்டையாகக் கிடந்தது. பீலிக்குப் போகிற பெண்கள் அவளுக்கு எட்டத் தள்ளி நடந்தார்கள். விஜயலெட்சுமியக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குடத்தோடு போனாள்.

“என்னா சின்னம்மா, ஈரத்துல காலப் போட்டுக்கிட்டு?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெடிஞ்சதுல இருந்து வச்சிருக்கேன் நிசா. ஒண்ணு கூட ஏறல.”

புகையிலையை விட்டுவிட்டாள், அது எனக்குத் தெரியும். வாய் வெளுத்திருந்தது. மாத்திரையும் தவறாமல் போடுகிறாள். டாக்டர் ஷஹீலா போன தடவையும் துடிப்பு இருக்கிறது என்றுதான் சொன்னார். அதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

“டாக்டரம்மா சொல்லுவாங்க. எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. இதுவும் போச்சுன்னா நா தவழ்ந்துதான் பீலிக்குப் போகணும்.”

குனிந்து அவள் காலைத் தொட்டேன். காலையிலிருந்து ஈரத்தில் கிடந்த கால். சில்லிட்டிருந்தது. துடிப்பைத் தேடினேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, என் விரலின் துடிப்பு மாதிரியும் இருந்தது. எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடித்த கை அது. அன்றைக்கு அதை நானே நம்பவில்லை.

அவள் காலைப் புல்லிலிருந்து எடுத்து, என் துப்பட்டாவால் துடைத்து, மடியில் வைத்துத் தேய்த்தேன். கொஞ்சம் சூடு வந்ததும் சாக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினேன், வெறுங்காலோடு.

அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஓர் இலையின் நுனியில் ஒன்று எழுந்து நின்று எனக்குத் தலையை ஆட்டியது. உடம்பெல்லாம் கூசியது. இரண்டு விரலால் பிடித்தேன். வழுவழுவென்று நெளிந்து நீண்டு, என் கட்டைவிரலில் வாயை வைக்கப் பார்த்தது. உள்ளங்கையை மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டே, “சீ, சீ” என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன். இதுவரை நான் செய்ததிலேயே அருவருப்பான காரியம் அதுதான்.

சின்னம்மாவின் பாதத்தில் விட்டேன்.

அது பின்பக்கத்தை ஊன்றியது. தலையைத் தூக்கியது. இந்தப் பக்கம் ஆட்டியது, அந்தப் பக்கம் ஆட்டியது. பிள்ளைக் காம்பராவில் பார்த்த அதே ஆட்டம். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். அட்டை ஓர் அடி வைத்தது. மறுபடி தலையைத் தூக்கியது. அது திரும்பி இறங்கினால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாரியம்மா என்று வாய்க்குள் சொன்னேன். சொன்னது நான்தான்.

கணுவுக்குக் கீழே, நரம்பு நீலமாய்த் தெரிந்த இடத்தில், அது தலையைக் குனிந்தது. பிறகு நிமிரவே இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லத் தடித்தது.

எனக்குக் கண் மறைத்தது. வழக்கம்போலக் கை தானாகவே அதைப் பிய்த்தெறியப் போனது. சின்னம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுடி. புடுங்காத” என்றாள், அழுதுகொண்டே. “வயிறு நெறயக் குடிக்கட்டும்.”